கையெழுத்து மாறுறதுக்கு முன்னாடி: முற்றிய கேன்சரும் வீட்டுக் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அவர் என் அக்கா வீட்டுக்காரர். பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால, வீட்ல கூப்பிடற மாதிரியே மாமான்னு சொல்றேன். கூடவே ஒரு கண்டிஷனும் போட்டார்: "பேச்சு வேகத்துல 'இருந்தார்'னு மட்டும் சொல்லிடாத மாப்ள. இருக்கேன்."

மாமாவுக்கு 43 வயசு. அம்பத்தூர் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி பெருங்குடல்ல கேன்சர்னு கண்டுபிடிச்சாங்க. அப்பவே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. ஸ்டேஜ் 4.

இதைக் கேட்டதும் சினிமாவுல வர்ற கடைசி சீன்தான் நமக்கு ஞாபகம் வரும். நிஜத்துல பல பேருக்கு ஸ்டேஜ் 4ங்கறது மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல நடக்கற ஒரு வாழ்க்கை. மூணு வாரத்துக்கு ஒரு தடவை கீமோ, சில மாசத்துக்கு ஒரு ஸ்கேன், நடுவுல வீட்டு லோன் இ.எம்.ஐ., பொண்ணோட ஸ்கூல் ஃபீஸ், கரண்ட் பில். நோயைப் பத்திப் பேச டாக்டர் இருக்காங்க. நடுவுல வர்ற மத்த விஷயங்களைப் பேசத்தான் ஆள் இல்ல. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன். நான் டாக்டரும் இல்ல, வக்கீலும் இல்ல, கோட் எழுதறவன். உங்க வீட்ல முடிவெடுக்கும்போது அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ஒரு ராஜினாமா கடிதம்

கீமோ ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், மாமா வாட்ஸ்ஆப்ல ஒரு ஃபைல் அனுப்பினார். "மாப்ள, இந்த இங்கிலீஷ் சரியா இருக்கா பாரு." திறந்து பார்த்தா ராஜினாமா கடிதம். ஆறு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு, உடம்பு சரியானதும் வேற இடத்துல வேலை தேடிக்கலாம்ங்கறது அவர் கணக்கு. பதினொரு வருஷமா ஒரே கம்பெனி. வாராவாரம் லீவு கேட்டு சூப்பர்வைசர் முன்னாடி நிக்கறது அவருக்கு கௌரவக் குறைச்சலா இருந்தது.

எனக்கு உறைச்சது 'சரியானதும்'ங்கற அந்த ஒரு வார்த்தை. அவருக்கு ஸ்டேஜ் என்னன்னு தெரியாது. எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், அவங்க அம்மாவுக்கும் தெரியும். பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டை அக்கா பீரோவுல புடவைக்கு அடியில வெச்சிருந்தா. "குடல்ல சின்னக் கட்டி, மருந்துலயே கரைஞ்சிடும்"னு சொல்லி வெச்சிருந்தோம். டாக்டரையும் கெஞ்சிக் கேட்டு வாயை அடைச்சாச்சு.

நம்ம ஊர்ல இது ரொம்ப சகஜம். தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்ங்கற பயம். அந்தப் பயத்தை நான் கேலி பண்ணல, நானும் அதுல கூட்டு. ஆனா அந்தக் கடிதத்தைப் படிச்சப்பதான் புரிஞ்சது: இப்படி மறைக்கறதுக்கு ஒரு விலை இருக்கு. அதை ரூபாயில எழுதியே பார்க்கலாம்.

அன்னைக்கு ராத்திரி எழுதிப் பார்த்தேன். முதல்ல கம்பெனி தர்ற குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ். மாமா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 3 லட்சம். வேலையை விட்டா பொதுவா அதோட அது முடிஞ்சுது. அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாத்திக்கக் கேக்கலாம், ஆனா வேலையை விடறதுக்கு முன்னாடியே, நேரத்தோட கேக்கணும். கேன்சர் வந்த பிறகு வேற கம்பெனியில போய்ப் புதுசா பாலிசி கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பி.எஃப். கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு இன்சூரன்ஸ், பேரு இ.டி.எல்.ஐ. பி.எஃப். பிடிக்கற எல்லாருக்கும் இது உண்டு. நம்ம சம்பளத்துல இருந்து பைசா பிடிக்கறதில்ல, முதலாளிதான் கட்டறார். அதனாலயே அப்படி ஒண்ணு இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது. நான் சம்பளம் வாங்கற ஆறு வருஷத்துல எனக்கும் தெரியாது. வேலையில இருக்கும்போது ஊழியர் இறந்தா குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரும். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தா குறைஞ்சது 2.5 லட்சம். ஆனா 'வேலையில இருக்கும்போது'ங்கறதுதான் இதோட உயிர். ராஜினாமா பண்ணிட்டா இது கிடையாது. அதே நேரம், சம்பளம் இல்லாத லீவுல இருந்தாலும் பரவாயில்ல. பேர் ரோல்ஸ்ல இருந்து, கடைசி சந்தா போய் ஆறு மாசத்துக்குள்ளன்னா பணம் உண்டுன்னு 2025-ல விதியைத் திருத்தியிருக்காங்க. அந்த லெட்டருக்கும் ஒரு லீவு லெட்டருக்கும் நடுவுல 7 லட்சம் வரைக்கும் வித்தியாசம் இருந்தது.

இது போக, சில கம்பெனிகள் குரூப் டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்து வெச்சிருப்பாங்க. அதுவும் வேலையோட போயிடும். உங்க ஆஃபர் லெட்டரைத் தேடிப் பாருங்க, ஒரு மூலையில எழுதியிருக்கும். கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் முடிச்சிருக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. மரணத்தாலயோ, உடல் இயலாமையாலயோ வேலை முடிஞ்சா அந்த அஞ்சு வருஷக் கணக்கு பொருந்தாது. மூணு வருஷம் வேலை பார்த்துட்டுத் தானா ராஜினாமா பண்ணினா ஒண்ணும் வராது. எந்தக் காரணம் எழுதி வெளிய வர்றோம்ங்கறதுக்கும் விலை இருக்கு.

இ.எஸ்.ஐ.ல இருக்கறவங்களுக்கு, அதாவது மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் வாங்கறவங்களுக்கு, இன்னும் முக்கியமான ஒண்ணு இருக்கு. வைத்தியம் இலவசம்ங்கறது எல்லாருக்கும் தெரியும். கேன்சர் மாதிரி நீண்ட கால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணம்னு ஒண்ணு தர்றாங்க: சம்பளத்துல 80 சதவீதம், ரெண்டு வருஷம் வரைக்கும். ரெண்டு வருஷமாவது தொடர்ந்து இ.எஸ்.ஐ. வேலையில இருந்திருக்கணும், குறிப்பிட்ட நாள் சந்தா போயிருக்கணும். அந்தப் பணம் வாங்கிக்கிட்டிருக்கற காலத்துல முதலாளி வேலையை விட்டு நீக்கவும் முடியாது. நம்ம டெலிவரி ஹப்ல, கடையில, ஃபேக்டரியில வேலை செய்யற நண்பர்களுக்கு இதை ஃபார்வேர்ட் பண்ணுங்க.

கணக்கை எழுதி முடிச்சு ராத்திரி பன்னெண்டு மணிக்கு அக்காவுக்கு போன் பண்ணினேன். பேப்பரைப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அப்ப அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணுமாடா?"ன்னா. வேற வழி எனக்குத் தெரியல. லெட்டரை அனுப்பாதீங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பார். ஏன்னு சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்.

அடுத்த விசிட்ல டாக்டரே சொன்னார். முழுசா குணமாக்கறது இந்த வைத்தியத்தோட நோக்கம் இல்ல, கட்டுப்படுத்தி வெக்கறதுதான்னு. மாமா ரெண்டே கேள்விதான் கேட்டார். எவ்வளவு நாள்? டாக்டர் ஒரே நம்பரா சொல்ல மாட்டேன்னு சொல்லி, நல்லா போனா எப்படி, போகலைன்னா எப்படின்னு ரெண்டையும் விளக்கினார். ரெண்டாவது கேள்வி: வேலைக்குப் போகலாமா? போகலாம், கீமோ முடிஞ்ச வாரம் மட்டும் வேண்டாம். ஆட்டோவுல திரும்பி வரும்போது பாடி மேம்பாலம் தாண்டற வரைக்கும் யாரும் பேசல. அப்புறம் மாமா என்னைப் பார்த்து, "லெட்டரை நான் இன்னும் அனுப்பல"ன்னார். கொஞ்சம் கழிச்சு, "நான் ரிப்போர்ட் படிக்கறவன்டா. பீரோவுல இருக்கறதை எடுத்துக் குடுக்கச் சொல்லு."

அவருக்கு ஏற்கெனவே பாதி தெரிஞ்சிருந்ததுன்னு எனக்கு இப்பவும் ஒரு சந்தேகம்.

விரல் ரேகையும் கையெழுத்தும்

இதை ஏன் சீக்கிரம் பண்ணணும்ங்கறதுக்கு நான் எதிர்பார்க்காத ஒரு காரணம் மருந்துலயே இருந்தது. மாமாவுக்கு ரெண்டு மருந்து. ஆஸ்பத்திரியில ஏத்தற ஆக்ஸாலிபிளாட்டின், வீட்ல சாப்பிடற கேபெசிடபின் மாத்திரை. ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பைப் பாதிக்கும். ஆரம்பத்துல ஃபிரிட்ஜைத் தொட்டாலே கை சுரீர்னும். போகப்போக விரல் நுனி மரத்துப் போகும். சட்டை பட்டன் போடறது, பேனா பிடிக்கறது கஷ்டமாகும். கேபெசிடபின் உள்ளங்கை, பாதம் ரெண்டையும் சிவக்க வெச்சு, தோலை உரிய வெக்கும். சிலருக்கு விரல் ரேகையே மங்கிடும். இந்த மாத்திரை சாப்பிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருத்தரோட கைரேகை பதியாம, அமெரிக்க விமான நிலையத்துல மணிக்கணக்கா நிறுத்தி வெச்ச சம்பவத்தை 2009-ல ஒரு மருத்துவ இதழ்ல எழுதியிருக்காங்க.

இப்ப நம்ம ஊரை யோசிங்க. இங்க எல்லாமே ரெண்டு விஷயத்துலதான் ஓடுது: கையெழுத்து, கைரேகை. ரேஷன் கடையில ரேகை, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ரேகை, பாங்க்ல கையெழுத்து. நாலாவது கீமோவுக்கு அப்புறம் மாமா போட்ட ஒரு செக், கையெழுத்து ஒத்துப்போகலைன்னு திரும்பி வந்தது. ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கற மனுஷன், தன் பேரையே சரியா எழுத முடியலையேன்னு அந்தச் செக்கை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தார்.

ஆதார்ல ரேகை பதியலைன்னா கருவிழி, முகம் வெச்சும் சரிபார்க்கலாம். அதைக் கேட்டு வாங்குங்க. ஆதார்ல இருக்கற மொபைல் நம்பர் இப்ப கையில இருக்கற நம்பர்தானான்னும் அப்பவே பார்த்துடுங்க. பாங்க்ல கையெழுத்தே போட முடியாத நிலை வந்தா, பெருவிரல் ரேகையோ கால் விரல் ரேகையோ வெச்சுப் பணம் எடுக்க ரிசர்வ் பாங்க் விதி இருக்கு. ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பாங்க் அதிகாரி. கவுன்டர்ல இருக்கறவருக்குத் தெரியலைன்னா மேனேஜரைக் கேளுங்க.

இதைவிடப் பெருசா ஒண்ணு. "பவர் எழுதி வாங்கிக்கலாமே"ன்னு சொந்தக்காரங்க சொல்வாங்க. பவர் ஆஃப் அட்டர்னி, எழுதிக் குடுத்தவர் இறந்ததும் செல்லாது. அது பாதிப் பேருக்குத் தெரியும். எழுதிக் குடுத்தவருக்குச் சுயநினைவு, புத்தித் தெளிவு போயிட்டாலும் அது செல்லாதுங்கறது பல பேருக்குத் தெரியாது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. சில வெளிநாடுகள்ல அந்த நிலைமைக்குன்னே தனியா எழுதி வெக்கற பவர் இருக்கு, இங்க இல்ல. அதாவது ஐ.சி.யு.ல படுத்திருக்கும்போது, எப்ப அது அதிகமா தேவைப்படுதோ அப்ப, அந்தப் பேப்பர் நம்மைக் காப்பாத்தாது. அதனாலதான் நான் திரும்பத் திரும்பச் சொல்றேன்: இதெல்லாம் நோயாளிக்குத் தெரியாம நாம பண்ற வேலை இல்ல. அவர் பண்ற வேலை. நாம கூட உட்காரலாம், அவ்வளவுதான்.

மாமா ஒரு எக்ஸெல் ஷீட் போட்டார். கம்பெனியில ஆடிட் வரும்போது போடற மாதிரி, வரிசை எண், நிலை, முடிக்க வேண்டிய தேதி. முதல் வரிசை நாமினி.

திறந்து பார்த்தா ஒரே கூத்து. பி.எஃப்.ல, முதல் வேலையில சேர்ந்தப்ப எழுதின ஃபார்ம்ல அவங்க அப்பா பேர். அப்பா தவறி ஒன்பது வருஷம் ஆச்சு. கல்யாணம் ஆனாலே அதுக்கு முன்னாடி போட்ட பி.எஃப். நாமினேஷன் செல்லாமப் போயிடும். இதைக் கேட்டுக்கிட்டிருக்கறவங்கள்ல புதுசா கல்யாணம் ஆனவங்க எத்தனை பேர் மாத்தினீங்க? பணம் காணாமப் போகாது, குடும்பத்துக்குத்தான் வரும். ஆனா வாரிசுச் சான்று, அலைச்சல், அழுதுக்கிட்டே ஆபீஸ் ஆபீஸா ஏறறது. ஆன்லைன்ல இ-நாமினேஷன் பண்ண ஆதார், போட்டோ, ஓ.டி.பி. போதும். எங்களுக்கு இருபது நிமிஷம் ஆச்சு, அதுல பதினஞ்சு நிமிஷம் போட்டோ சைஸைக் குறைக்கறதுல போச்சு.

பாங்க் கணக்குல 2025 நவம்பர் 1-ல இருந்து நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம். ஆனா நாமினிங்கறவர் எல்லா இடத்துலயும் சொந்தக்காரர் ஆயிடறதில்ல. பணத்தை வாங்கிச் சட்டப்படியான வாரிசுங்ககிட்ட சேர்க்க வேண்டியவர்னு 1984-லயே ஒரு எல்.ஐ.சி. வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஷேர்களுக்கும் அதேதான்னு 2023-ல சொல்லிச்சு. லைஃப் இன்சூரன்ஸுக்கு மட்டும் 2015-ல சட்டத்தைத் திருத்தி, கணவன் அல்லது மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே உரியதுன்னு ஆக்கினாங்க. உயில் எழுதலைன்னா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமா சொத்துல அக்கா, பொண்ணு, அவங்க அம்மா மூணு பேருக்கும் சம பங்கு. இதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க இருக்கறது ஒரே ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். லோன் வேற பாக்கி. அதை மூணாப் பிரிக்க முடியாது.

அதனால உயில். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். உயில்ல ஆதாயம் வராதவங்களா இருந்தா நல்லது. பதிவு பண்றது கட்டாயம் இல்ல, பண்ணினா பின்னாடி தகராறு குறையும். தெளிவான மனநிலையில இருக்கார்னு டாக்டர்கிட்ட ஒரு சான்று வாங்கிக்கோங்கன்னு வக்கீல் சொன்னார், வாங்கிக்கிட்டோம். ஃபிளாட் அக்காவுக்கு, அம்மா ஆயுசு உள்ளவரை அங்கயே இருக்கற உரிமையோட. அந்த ரெண்டாவது பாதியை மாமாதான் சேர்த்தார். அத்தை அதைக் கேட்டு, "நான் எங்கடா போகப்போறேன்"னு அழுதாங்க. எழுதாம விட்டிருந்தா வருஷம் பத்து கழிச்சு யார் என்ன சொல்வாங்களோ.

அடுத்தது போன். எங்க பாஷையில சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்னு சொல்வோம்; ஒண்ணு நின்னா எல்லாமே நிக்கற இடம். மாமாவோட போன் அப்படித்தான். சம்பளக் கணக்கு, இ.எம்.ஐ., கேஸ், இன்சூரன்ஸ் பிரீமியம், எல்லாத்தோட ஓ.டி.பி.யும் அந்த ஒரு சிம்முக்கு. அக்கா பதினாலு வருஷமா வீட்டுச் செலவை ரூபாய் பிசகாம நடத்தறவ. ஆனா நெட் பாங்கிங்ல ஒரு தடவைகூட லாகின் பண்ணினதில்ல. பாஸ்வேர்டை எழுதி வெக்கறது பாதித் தீர்வுதான். ஒருத்தர் இறந்த பிறகு அவர் லாகின்ல போய்ப் பணம் எடுக்கறது சட்டப்படி சிக்கல். சரியான வழி, கணக்கை ரெண்டு பேர் பேருக்கும் மாத்தி 'எய்தர் ஆர் சர்வைவர்'னு போடறது. யார் வேணா இயக்கலாம், ஒருத்தர் இல்லைன்னாலும் மத்தவர் தொடரலாம். சம்பளக் கணக்குல அது முடியலைன்னா, தனியா ஒரு ஜாயின்ட் கணக்கு திறந்து மாசாமாசம் பணத்தை அங்க தள்ளிடுங்க. பிரீமியமும் இ.எம்.ஐ.யும் அங்க இருந்து போகட்டும்.

பிரீமியம்னு சொன்னப்ப ஞாபகம் வருது. ஆஸ்பத்திரி களேபரத்துல லைஃப் இன்சூரன்ஸ் பிரீமியத்தை மறக்கறது ரொம்ப சுலபம். வருஷப் பிரீமியத்துக்கு 30 நாள், மாசப் பிரீமியத்துக்கு 15 நாள்தான் கூடுதல் அவகாசம். காலாவதியான பாலிசியை உயிர்ப்பிக்கப் போனா மருத்துவப் பரிசோதனை கேப்பாங்க. இந்த நிலைமையில அந்தக் கதவு மூடின மாதிரிதான். டேர்ம் பாலிசி இருந்தா அதோட சின்ன எழுத்தைப் படிங்க. பல பாலிசிகள்ல, ஆயுள் ஆறு மாசத்துக்கு மேல இருக்காதுன்னு டாக்டர் சான்று தந்தா, உயிரோட இருக்கும்போதே பணத்தைத் தர்ற பிரிவு இருக்கு. வீட்டு லோன் ஃபைலையும் புரட்டுங்க. "இதுலயும் ஒரு கையெழுத்து போடுங்க சார்"னு லோனோட சேர்த்து வித்த கடன் காப்பீடு எங்க ஃபைல்ல இருந்தது. யாரும் திறந்தே பார்க்கல. அவர் இல்லைன்னா லோனை அடைச்சிடும். அதைப் படிச்ச அன்னைக்குதான் மாமா ரொம்ப நாளுக்கு அப்புறம் ரெண்டாவது தோசை கேட்டார்.

பில், க்ளெய்ம், அப்புறம் நிறுத்தறது

இன்சூரன்ஸ்ல சண்டை போட நிறைய இருக்கு, ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன். கேஷ்லெஸ் கேட்டா ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும், டிஸ்சார்ஜுக்கு மூணு மணி நேரத்துல அனுமதி தரணும்னு 2024-ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கு. டெஸ்க்ல "சாயங்காலம் ஆகும் சார்"னா இதைச் சொல்லுங்க. க்ளெய்மை மறுத்தா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார். ஒரு மாசத்துல சரியான பதில் வரலைன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். 50 லட்சம் வரைக்கும் அங்க கேக்கலாம், கட்டணம் இல்ல, வக்கீலும் வேண்டாம். சென்னையிலயே ஆபீஸ் இருக்கு.

ரெண்டாவது, வீட்ல சாப்பிடற மாத்திரை. அதுக்குக் கேஷ்லெஸ் வராதுன்னு சொல்லிட்டாங்க, நாங்க மூணு மாசம் கைக்காசு போட்டோம். அப்புறம்தான் மாமா பாலிசியைப் படிச்சுக் கண்டுபிடிச்சார்: ஆஸ்பத்திரியில சேர்ந்து வந்த பிறகு 60 நாள் வரைக்கும் ஆகற மருந்துச் செலவை பில் குடுத்துத் திரும்ப வாங்கலாம். டே-கேர் கீமோவும் சேர்க்கைதான். அது மூணு வாரத்துக்கு ஒரு தடவை நடக்குது. அப்ப நடுவுல வாங்கற எல்லா மாத்திரையும் அந்த 60 நாளுக்குள்ளதான் வரும். உங்க பாலிசியில நாள் கணக்கு வேறயா இருக்கலாம், பாருங்க. அதே மாத்திரை பிராண்டுக்கு பிராண்ட் விலை ரொம்ப மாறும். இதே மூலப்பொருள்ல விலை குறைஞ்சது எழுத முடியுமான்னு டாக்டரைக் கேக்கறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். வெளியூர்ல இருந்து வைத்தியத்துக்கு ரயில்ல வர்றவங்களுக்கு, ஆஸ்பத்திரி தர்ற சான்றோட, ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசியிலயும் நோயாளிக்கு டிக்கெட் இலவசம், கூட வர்றவருக்கு 75 சதவீதச் சலுகை. பெரிய ஆஸ்பத்திரிகள்ல மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்னு ஒருத்தர் இருப்பார். முதல் வாரமே அவரைத் தேடிப் போங்க. நாங்க ஆறாவது மாசம்தான் போனோம்.

இனி பேசக் கஷ்டமான பகுதி. ஒரு கட்டத்துல ஒரு புது மருந்தைப் பத்திப் பேச்சு வந்தது. இன்சூரன்ஸ் வரம்பு தாண்டிடுச்சு. அக்கா நகையை வெக்கலாம்னா, நானும் பர்சனல் லோன் எடுக்கத் தயார். மாமாதான் டாக்டரைக் கேட்டார்: "இது எனக்கு எத்தனை மாசம் கூடுதலா தரும், அந்த மாசம் எப்படி இருக்கும்?" நாங்க யாரும் கேக்கத் துணியாத கேள்வி. பதில், சில வாரம் கிடைக்கலாம், பக்கவிளைவு அதிகம். வேண்டாம்னுட்டார். அந்த முடிவை அக்கா எடுத்திருந்தா ஆயுசுக்கும் அவளைத் தின்னிருக்கும். அவரே எடுத்ததால அவளால தூங்க முடியுது.

வேண்டாம்னா வைத்தியமே வேண்டாம்னு அர்த்தம் இல்ல. பழைய மருந்துல ஒண்ணு இப்பவும் ஓடுது. கூடவே வலி தணிப்பு சிகிச்சை, பேலியேட்டிவ் கேர். இதைக் கடைசி வாரத்துக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பரவிய நுரையீரல் கேன்சர் நோயாளிகளை வெச்சு அமெரிக்காவுல நடந்து 2010-ல வெளியான ஒரு ஆய்வுல, ஆரம்பத்துலயே இதைச் சேர்த்துக்கிட்டவங்க நல்லா இருந்ததோட, சராசரியா கூடுதலாவும் வாழ்ந்தாங்க: 11.6 மாசம், மத்தவங்க 8.9 மாசம். கடைசிக்கால கீமோவும் அவங்களுக்குக் குறைவாதான் இருந்தது.

எக்ஸெல்ல கடைசி வரிசை, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம். திரும்ப முடியாத நிலை வந்தா வென்டிலேட்டர் வேணுமா வேண்டாமான்னு தெளிவா இருக்கும்போதே எழுதி வெக்கறது. 2018-ல உச்ச நீதிமன்றம் இதை ஏத்துக்கிச்சு, ஆனா அப்ப மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு இருந்தது. 2023-ல அதைச் சுலபமாக்கி, ரெண்டு சாட்சியும் நோட்டரியோ கெஸடட் அதிகாரியோ போதும்னாங்க. அந்த வரிசையில 'நிலை'ங்கற கட்டத்துல இன்னும் 'பாக்கி'ன்னுதான் இருக்கு. எழுதினது வீட்ல இருக்கு, நோட்டரிகிட்ட போகல. நான் ரெண்டு தடவை கேட்டேன், போலாம் போலாம்னார். மூணாவது தடவை கேக்கல.

இந்த ஸ்கிரிப்டை ரெக்கார்டிங்குக்கு முன்னாடி அவருக்கு அனுப்பினேன். நேத்து ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பி வந்தது, ரெண்டு திருத்தத்தோட. ஒண்ணு, செக் திரும்பி வந்தது நாலாவது கீமோவுக்கு அப்புறம். நான் அஞ்சாவதுன்னு எழுதியிருந்தேன், மாத்திட்டேன். ரெண்டாவது: "60 நாள்னு மொட்டையா சொல்லாத. டிஸ்சார்ஜ் தேதியில இருந்து 60 நாள். பில்லுல தேதி இல்லைன்னா தூக்கி எறிஞ்சிடுவான்."